அடுத்த தலைமுறைக்குத் தாவ வேண்டுமா?



ஆண்டு பிறந்தால் போதும், இன்டெல், ஏஎம்டி, ஆப்பிள், குவால்காம் ஆகிய நிறுவனங்களில் ஏதாவது ஒன்று புதிய தலைமுறை பிராசசர் வந்துவிட்டது என்று அறிவித்துவிடும். முந்தையதைவிட இத்தனை சதவீதம் வேகம், இத்தனை மணி நேரம் கூடுதல் பேட்டரி என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். அது கடைக்கு வந்து சேர்ந்ததும், “உங்களிடம் இருப்பது பழைய ஜென், மாற்றிவிடுங்கள்” என்ற குரல் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும். அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று இன்று பார்க்கப் போகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறை கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக லேப்டாப்பை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. நாம் செய்யும் வேலை பிராசசருக்காகத்தான் காத்துக் கிடக்கிறது என்று உறுதியானால், அப்போது மாற்றுவது நியாயமான செலவு. இந்த இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதைச் சான்றுகளோடு எடுத்து வைக்கிறேன்.

முதலில் ஒரு நடைமுறை உண்மை. மேசைக் கணினியில் பிராசசரை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது பல சமயம் முடியும். இன்றைய லேப்டாப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பிராசசர் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பிராசசரை மாற்றுவது என்றால் திரை, விசைப்பலகை, பேட்டரி, பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது என்று பொருள். இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. புதிய லேப்டாப் வாங்கிய ஒருவர், “அடேயப்பா, என்ன வேகம்!” என்கிறார். அவருடைய பழைய இயந்திரத்தில் 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. புதியதில் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். அவர் உணர்ந்த வேகத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. பெயரைத் தட்டிச் சென்றதோ பிராசசர். பழைய லேப்டாப்பிலேயே ரேமைக் கூட்டி எஸ்எஸ்டியைப் பொருத்தியிருந்தால், புதிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு கிடைத்திருக்கும்.

அப்படியானால் பிராசசர்கள் முன்னேறவே இல்லையா? முன்னேறுகின்றன. ஆனால் முன்னேற்றத்தின் இயல்பு மாறிவிட்டது. ஒரு சில்லில் அடக்கக்கூடிய டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965-இல் கணித்தார். பத்து ஆண்டு கழித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று அதைத் திருத்திக்கொண்டார். இதற்குத் துணையாக, ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் டெனார்டும் அவரது குழுவினரும் 1974-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், ஆகவே சூடு ஏறாமலே வேகத்தைக் கூட்டலாம். நம்மில் பலர் மனத்தில் பதிந்திருக்கும் “புதிய கணினி என்றால் இரட்டிப்பு வேகம்” என்ற எண்ணம் இந்த இரண்டும் ஒன்றாக ஓடிய காலத்தில் பிறந்தது. 2005 வாக்கில் இரண்டாவது விதி நொண்டத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் இறக்கினால் மின்கசிவு கூடியது. பெண்டியம் 4 பிராசசரை 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டு சென்ற இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவரவிருந்ததை 2004-இல் கைவிட்டது. அதன் பிறகு டிரான்சிஸ்டர்கள் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை தானாக வேகமாவதில்லை. கூடுதல் கோர்களாகவும், கூடுதல் நினைவகமாகவும், வீடியோ போன்ற தனி வேலைகளுக்கான தனிப் பகுதிகளாகவும் அவற்றை மாற்றித் தருகிறார்கள். ஆகவே பலன் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. எந்தப் பகுதி மேம்பட்டதோ அந்தப் பகுதியைப் பயன்படுத்துபவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

ஆண்டுக்கு ஆண்டு வரும் மாற்றம் எவ்வளவு சிறியது, எப்போதாவது வரும் தாவல் எவ்வளவு பெரியது என்பதற்கு இன்டெல்லின் மூன்று அடுத்தடுத்த தலைமுறைகளே சான்று. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை ஐ5-6200யு இரண்டு கோர்களும் அதிகபட்சம் 2.8 கிகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ஏழாம் தலைமுறை ஐ5-7200யுவிலும் அதே இரண்டு கோர்கள், அதே உள்வடிவமைப்பு. அதிகபட்ச வேகம் 3.1 ஆனது. ஏறத்தாழ 11 சதவீத ஏற்றம். 2017 ஆகஸ்டில் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யுவோ, அதே 15 வாட் வரம்புக்குள் நான்கு கோர்களைக் கொண்டிருந்தது. 2016-இல் ஆறிலிருந்து ஏழுக்குப் போனவர் ஒன்றும் பெறவில்லை என்றே சொல்லலாம். ஓர் ஆண்டு பொறுத்திருந்தவருக்குக் கோர்கள் இரட்டிப்பாகக் கிடைத்தன. எண் என்னவோ இரண்டு முறையும் ஒன்றுதான் கூடியது.

சிறிய ஏற்றங்களும் கூட்டு வட்டிபோலச் சேரும் என்பதை மறுக்கவில்லை. தலைமுறைக்குப் பத்து சதவீதம் வேகம் கூடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நிமிட வேலை, ஒரு தலைமுறையைத் தாண்டினால் 54 அல்லது 55 விநாடி ஆகும். கையில் கடிகாரம் இல்லாமல் அந்த வித்தியாசம் தெரியாது. ஐந்து தலைமுறை தாண்டினால் வேகம் 61 சதவீதம் கூடியிருக்கும், அதே வேலை 37 விநாடியில் முடியும், அது தெரியும். ஆகவே அவசரப்படாதவருக்கே இந்தக் கணக்கு சாதகம். ஐந்து ஆண்டில் ஐந்து முறை மாற்றுபவரும் ஒரே முறை மாற்றுபவரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

தாவல் என்று சொன்னேன். அது வேகத்தில்தான் வரவேண்டும் என்பதில்லை. ஆப்பிளின் மேக்புக் ஏர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020-இன் தொடக்கத்தில் வந்த ஏர், இன்டெல் பிராசசரில் ஓடியது; உள்ளே ஃபேன் இருந்தது; இணையத்தில் உலவ 11 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று ஆப்பிள் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சில்லோடு அடுத்த ஏர் வந்தது. பேட்டரியின் கொள்ளளவு இரண்டிலும் 49.9 வாட்-மணிதான். ஆனால் ஃபேன் நீங்கிவிட்டது, நேரம் 15 மணி ஆனது. பேட்டரி பெரிதாகாமல் நேரம் கூடியது என்றால், அந்தப் பலனைச் சில்லின் கணக்கில் தயங்காமல் எழுதலாம். அதன் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2022-இல் எம்2 ஏர், 2024-இல் எம்3 ஏர், 2025-இல் எம்4 ஏர் என்று வரிசையாக வந்தன. மூன்றுக்கும் ஆப்பிள் அறிவித்த இணைய உலாவல் நேரம் அதே 15 மணி. அவை ஒவ்வொன்றும் வேகத்தில் முன்னேறின, உண்மை. ஆனால் எம்1 வாங்கியவரை அன்று ஈர்த்த அந்தப் பெரிய நன்மை, ஃபேன் இல்லாமலும் சார்ஜர் தேடாமலும் ஒரு நாள் வேலையை முடிக்கும் வசதி, அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்டெல் ஏரிலிருந்து எம்1-க்கு மாறியவரின் செலவில் நியாயம் இருந்தது. எம்1-இலிருந்து எம்2-க்கு, பேட்டரியை நினைத்து மாறியவருக்கு அந்த நியாயம் கிடையாது.

இனி, பெயரையும் எண்ணையும் பார்த்து வாங்குவதில் உள்ள ஆபத்து. புதிய எண் என்றால் புதிய சரக்கு என்று நாம் நம்புகிறோம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் முதலில் வெளிவந்த ஜென் 2 (Zen 2) வடிவமைப்பு தொடங்கி அன்றைய புதுவரவான ஜென் 4 வரை, பல காலத்துச் சரக்கு அந்த ஒரே வரிசைக்குள் இருந்தது. நான்கு இலக்க எண்ணின் மூன்றாம் இலக்கத்தைப் பார்த்தால்தான் எது எந்தக் காலத்தது என்று தெரியும். 2022-இல் வந்த ரைசன் 5 7520யு, நான்கு கோர்கள் கொண்ட ஜென் 2 வகை. 2021-இல் வந்த ரைசன் 5 5600யுவோ ஆறு கோர்கள் கொண்ட ஜென் 3 வகை. ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்கு ஏறினோம் என்று நினைத்தவர், இரண்டு கோர்களையும் ஒரு வடிவமைப்பையும் இழந்து கீழே இறங்கியிருப்பார். இன்டெல்லும் இதற்கு விலக்கு இல்லை. 2024 தொடக்கத்தில் கோர் 7 150யு என்ற புதுப் பெயரில் வந்தது, அதற்கு முந்தைய ராப்டர் லேக் வடிவமைப்பையே கொண்டது. உண்மையிலேயே புதிய வடிவமைப்போடு வந்தவை, பெயரில் ‘அல்ட்ரா’ என்ற சொல்லைத் தாங்கியவை.

பெயரும் புதிது, வடிவமைப்பும் புதிது என்றாலும் எல்லா வகையிலும் மேல் என்று கொள்ள முடியாது. 2023 டிசம்பரில் வந்த கோர் அல்ட்ரா 7 155எச் பிராசசரில் மூன்று வகைக் கோர்கள் சேர்ந்து 16 உண்டு. ஒரே நேரத்தில் 22 இழைகளை (த்ரெட்) ஓட்டும். 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் எட்டுக் கோர்கள், எட்டு இழைகள் மட்டுமே. இன்டெல் இதை வேண்டுமென்றே செய்தது: குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் ஓடும் மெல்லிய லேப்டாப்புக்காக, கோர்களைக் குறைத்து, நினைவகத்தையும் சில்லின் பொதிக்குள்ளேயே வைத்தது. நாள் முழுதும் வகுப்புக்கும் கூட்டத்துக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு இது பெரிய முன்னேற்றம். பல கோர்களையும் ஒரே நேரத்தில் உழைக்க வைக்கும் வீடியோ மாற்றமோ பெரிய மென்பொருள் தொகுப்போ செய்பவருக்கு, முந்தைய 155எச் பொருத்தமானது. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த இரு வெளியீடுகள். எது சிறந்தது என்ற கேள்விக்கு இருவர் இருவேறு விடை சொல்வார்கள், இருவர் சொல்வதும் சரி.

இதோடு சூட்டின் கணக்கையும் சேர்க்க வேண்டும். 12-ஆம் தலைமுறை ஐ5-1235யு பிராசசருக்கு இன்டெல் குறித்த அடிப்படை மின்னளவு 15 வாட். சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை போகலாம். எவ்வளவு நேரம், எத்தனை வாட் என்பதை முடிவு செய்வது லேப்டாப் தயாரிப்பாளர். நல்ல ஃபேனும் செம்புக் குழாயும் வைத்த பெட்டியில் அது பாயும். மெலிந்த பெட்டியில் சில விநாடியில் மூச்சு வாங்கும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றே. நம் ஊர் வெயிலுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. சில்லு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் என்றால், 25 டிகிரி குளிரூட்டிய அறையில் சூடு வெளியேற 75 டிகிரி இடைவெளி இருக்கிறது. 35 டிகிரி அறையில் 65 மட்டுமே. அதே ஃபேன் வெளியேற்றும் சூடு ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்துவிடும். குளிர்ந்த ஆய்வுக்கூடத்தில் எடுத்த வேக அளவீட்டைப் படித்துவிட்டு, சித்திரை மாதத்தில் ஃபேன் காற்றில் வேலை செய்பவர், தலைமுறை மாற்றத்தின் பலனில் ஒரு பகுதியை அறை வெப்பத்துக்கே கொடுத்துவிடுகிறார்.

இவை எல்லாவற்றையும் அளக்க ஒரு கோல் உண்டு. ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்திலிருந்து கிடைத்தது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்தப் பலன் அந்தப் பகுதியின் பங்குக்குக் கட்டுப்பட்டது. ஒரு வேலைக்கு 100 விநாடி ஆகிறது, அதில் பிராசசர் கணக்குப் போடும் நேரம் 20 விநாடி, மீதி நேரம் இணையத்துக்கும் வட்டுக்கும் காத்திருப்பது என்று கொள்வோம். பிராசசரின் வேகம் 50 சதவீதம் கூடினால் அந்த 20 விநாடி ஏறத்தாழ 13 ஆகும், மொத்தம் 93. அரைப் பங்கு வேகம் கூடுதல் என்று விளம்பரம் சொன்னது, கையில் கிடைத்தது ஏழு விநாடி. மாறாக, பிராசசரின் பங்கு 95 விநாடியாக இருக்கும் வீடியோ ஏற்றுமதியில், அதே பிராசசர் 100-ஐ 68 ஆக்கிவிடும். வங்கிப் பக்கம் திறக்கவும் கட்டுரை தட்டெழுதவும் கணினி வைத்திருப்பவருக்கும், படத்தொகுப்பாளருக்கும், ஒரே பிராசசர் ஒரே பலனைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, செயற்கை நுண்ணறிவு. “இனி எல்லாம் ஏஐ. அதற்கான என்பியு பகுதி இல்லாத லேப்டாப் பயனற்றுப் போகும்” என்கிறார்கள். நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பரில் கோர் அல்ட்ரா, ஏஐ பிசி என்ற முழக்கத்தோடு வந்தது. அதன் என்பியு விநாடிக்கு ஏறத்தாழ 11 லட்சம் கோடி கணக்குகளைப் போடக்கூடியது. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் பிசி என்ற தகுதியை அறிவித்து, குறைந்தது 40 லட்சம் கோடி வேண்டும் என்றது. எதிர்காலத்துக்கென்று வாங்கிய இயந்திரம் ஐந்து மாதத்தில் தகுதிக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. கோட்டை வரைபவர்களே அதை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, அதை நம்பி முன்கூட்டியே செலவிடுவதில் பொருளில்லை. மேலும், நாம் அன்றாடம் பயன்படுத்தும் சாட்ஜிபிடி போன்றவை தொலைவில் உள்ள தரவு மையங்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு நம் லேப்டாப் ஒரு சன்னல் மட்டுமே. மொழி மாதிரிகளைத் தன் சொந்தக் கணினியில் ஓட்ட விரும்புபவருக்கும், முதல் தடை நினைவகத்தின் அளவும் அதன் வேகமும்.

இரண்டாவது வாதம் வலுவானது. அதை நான் ஏற்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக நிறுவ, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கி வேலை செய்வது ஆபத்து. இங்கே தலைமுறை எண்ணுக்கு உண்மையான பொருள் இருக்கிறது. ஆனாலும் இது காட்டுவது என்ன? 2017-இல் வந்த 8250யு இன்றும் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்றது, அதற்கு முந்தைய காலத்து இயந்திரம். அதற்கும் ஓராண்டு நீட்டிப்பு ஆதரவு உண்டு. லினக்ஸ் நிறுவிக்கொள்ளும் வழியும் உண்டு. ஆகவே மாற்றுவதற்கு இது தக்க காரணம். ஆனால் ஒரு கணினியின் ஆயுளில் அரிதாக வரும் காரணம்.

மூன்றாவதாக, “எப்படியும் வாங்கப் போகிறோம், புதியதை வாங்கினால் நீண்ட நாள் வரும்” என்பார்கள். வாங்குவது உறுதி என்றால், பணத்தை எதில் போடுவது என்ற கேள்விதான் மிச்சம். இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமும் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு கூட்ட முடியாது. புதிய தலைமுறையும் 8 ஜிபி ரேமும் ஒரு பக்கம், முந்தைய தலைமுறையும் 16 ஜிபி ரேமும் இன்னொரு பக்கம், விலை ஒன்று என்றால், இரண்டாவதே நீண்ட நாள் வரும். மென்பொருள்கள் ஆண்டுதோறும் கனத்துக்கொண்டே போகின்றன; வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்ற விமர்சனத்தை நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதினார். அந்தக் கனம் முதலில் அழுத்துவது ரேமை. ரேம் நிரம்பினால் எவ்வளவு புதிய பிராசசரும் வட்டின் வாசலில் நின்றுதான் ஆக வேண்டும்.

நான்காவதாக, “புதியது மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும், சுற்றுச்சூழலுக்கு நல்லது” என்ற வாதம். ஓடும்போது ஆகும் செலவுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஒரு லேப்டாப்பால் விளையும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அது உற்பத்தியாகும்போதே வெளிவந்துவிடுகிறது என்று, மேக்புக்குகளுக்காக ஆப்பிள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளே காட்டுகின்றன. சில வாட் மிச்சம் பிடிக்க ஒரு முழு இயந்திரத்தைப் புதிதாகச் செய்ய வைப்பது, வரவைவிடச் செலவு கூடிய கணக்கு.

ஆக, எப்போது தாவலாம்? உங்கள் லேப்டாப்பிலேயே அதற்கான சோதனை இருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். உங்களை எரிச்சலூட்டும் வேலையைச் செய்யும்போது அதைத் திறந்து வையுங்கள். ரேம் நிரம்பி, வட்டு திணறினால், ரேமையும் எஸ்எஸ்டியையும் கவனியுங்கள். எதுவும் நிரம்பாமல் பக்கம் மட்டும் மெதுவாகத் திறந்தால், இணைய இணைப்பைப் பாருங்கள். பேட்டரி மட்டும் குறை என்றால், அது தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பேட்டரியை மாற்றுங்கள். வேலை நெடுநேரம் ஓடி, பிராசசர் அளவு உச்சியிலேயே நின்றால், அல்லது ஒரே ஒரு கோர் மட்டும் முழுமூச்சாக உழைத்துக்கொண்டிருந்தால், காற்றுத் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, அப்போது புதிய பிராசசரைப் பற்றி யோசியுங்கள். யோசிக்கும்போதும் தலைமுறை எண்ணை விட்டுவிட்டு, அந்த வேலையையே அந்த லேப்டாப் மாடலில் ஓட்டிப் பார்த்த அளவீட்டைத் தேடுங்கள். அது உங்கள் காத்திருப்பை மூன்றில் ஒரு பங்காவது குறைத்தால் மாற்றலாம். அதற்குக் கீழே என்றால் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு என்பது அறிவியல் விதி ஒன்றுமில்லை. அன்றாட உழைப்பில் உணரக்கூடிய வித்தியாசத்துக்கு நான் வைத்துக்கொண்ட அளவு. உங்கள் வருமானம் கணினியின் வேகத்தை நம்பியிருந்தால் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

விற்பவர்கள் ஆண்டுக்கொரு தலைமுறை கொண்டுவருவது அவர்கள் தொழிலின் தேவை. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. பொறியாளர்கள் செய்யும் வேலை உண்மையானது. ஐந்தாறு ஆண்டுகளில் அது சேர்ந்து பெரிய பலனாக நம்மிடம் வந்தும் சேர்கிறது. அந்தப் பலனை முழுதாகப் பெறுபவர், ஒவ்வொரு படியிலும் காசு கொடுத்து ஏறாமல், தேவை வந்த நாளில் நாலைந்து படிகளை ஒன்றாகத் தாண்டுபவர். மாணவர்களுக்கு லேப்டாப் வாங்கித் தரும் பெற்றோரும், நூற்றுக்கணக்கில் வாங்கும் கல்லூரிகளும் விலைப்பட்டியலில் முதலில் கேட்கும் கேள்வி “எந்த ஜென்?” என்று இருக்கிறது. எத்தனை ஜிபி ரேம், பின்னால் கூட்ட முடியுமா, பேட்டரி மாற்றக் கிடைக்குமா, எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும் என்ற கேள்விகளை அதற்கு முன்னால் வையுங்கள். அவற்றுக்குத் திருப்தியான பதில் வந்த பிறகு தலைமுறையைக் கேட்டால் போதும்.